பின்சுவருக்கு ஒரு சிபாரிசு

இடுப்பில் ஊசி குத்திய இடம் வலிக்கவில்லை, கனக்கிறது. யாரோ அங்கே ஒரு படிக்கல்லை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி. விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே என்னைக் குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து ஏற்றி, இடுப்பெலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். உறிஞ்சும்போது மட்டும் கால் விரல் நுனிவரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தது. “முடிஞ்சது டீச்சர், முடிஞ்சது டீச்சர்” என்று நர்ஸ் பிரிசில்லா சொல்லிக்கொண்டே இருந்தாள், முடியவில்லை. முடியாததை முடிந்தது என்று சொல்ல ஆஸ்பத்திரியில் தனியாகப் பாடம் நடத்துவார்கள் போலிருக்கிறது. இப்போது அந்த மஜ்ஜை மூன்றாவது மாடியில் லேபில் இருக்கிறது. அதைச் சுழற்றி, வடித்து, ஸ்டெம் செல் என்கிற மூல உயிரணுக்களைப் பிரித்தெடுக்க மதியம் ஆகிவிடுமாம். அதுவரைக்கும் நான் இங்கே, ஆபரேஷன் தியேட்டருக்கு முந்தின அறையில், பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, என் எலும்பிலிருந்து போனது எனக்கே திரும்பி வரும் என்று படுத்திருக்கிறேன். வந்தால் நெஞ்சுக்குள் போகும். வந்தால். காலையிலிருந்து என்னைப் போட்டுக் குடைவது இந்த ‘வந்தால்’ தான், இடுப்பு இல்லை.

இதயத்தோடு எனக்குப் பழக்கம் ஜாஸ்தி. சாத்தூரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலம் பூராவும் அதைக் கரும்பலகையில் வரைந்து தள்ளியிருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனால் கட்டுக்கட்டாக இதயங்கள் வரும். ஒன்று கத்தரிக்காய் போல இருக்கும், காம்போடு. ஒன்றில் இடமும் வலமும் மாறிப்போயிருக்கும். ஒன்றுக்கு வால்வே இருக்காது, ரத்தம் போனது போனதுதான். ஒரு பிள்ளை நாலு அறையையும் நாலு சுவரால் அடைத்துவிட்டு, வாசல் வைக்க மறந்து, அம்புக்குறிகளை மட்டும் வெளியே வட்டமாகச் சுற்றவிட்டிருந்தது. பாவம் பார்த்து அரை மதிப்பெண் போட்டேன், அம்புக்குறிக்கு. ஆனால் ஒருத்தர்கூட இதயத்தின் பின்பக்கத்தை வரைந்ததில்லை. நானும் வரைந்ததில்லை. பாடப்புத்தகத்து இதயத்துக்கு முன்பக்கம் மட்டும்தான். எனக்குக் கேடு வந்ததோ பின்பக்கத்தில். இந்த ஆய்வைக் கவனிக்கிற டாக்டர் நஸ்ரின், என் மகன் வயதுகூட இருக்காது, படத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு. இரண்டுக்குக் காலிலிருந்து ரத்தநாளம் எடுத்து பைபாஸ் போட்டுவிடலாம். பின்சுவருக்குப் போகிற மூன்றாவது குழாய் நூலாக இளைத்துவிட்டது, தையல் பிடிக்காது. “அந்த எடம் இன்னும் சாகலம்மா. ரத்தம் பத்தாமத் தூங்குது. பைபாஸ் பண்றப்பவே அங்க உங்களோட செல்லையே ஊசியில போட்டுப் பாக்கறோம். சின்னச் சின்னதாப் புது ரத்தக்குழாய் வரலாம். வராமயும் போகலாம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வு.” வராமலும் போகலாம் என்று சொன்னபோது அந்தப் பெண் வேறெங்கும் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்தாள். அதற்காகவே கையெழுத்துப் போட்டேன். அந்த இடம் தூங்குகிறது என்றாளே, அது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. கடைசி பெஞ்சில் காலையில் சாப்பிடாமல் வந்து தலை சாய்த்திருக்கிற பிள்ளைகளை நான் எழுப்பியதில்லை. மற்றவர்கள் சிரித்தால் அவர்களைத்தான் அதட்டுவேன். என் நெஞ்சுக்குப் பின்னால் அப்படி ஒன்று தலை சாய்த்திருக்கிறது, நான் மாடிப்படி ஏறியபோதெல்லாம், சண்டை போட்டபோதெல்லாம், அது பாட்டுக்குத் தூங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு நஸ்ரின் சொன்னதுதான் இன்றைக்கு நான் கிடந்து தவிக்கிற இத்தனைக்கும் காரணம். ஆய்வில் சேர்கிற எல்லாருக்கும் பைபாஸ் உண்டு. எல்லாருக்கும் இடுப்பில் குத்துவார்கள், வலியை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது. ஆனால் பாதிப் பேருக்குத்தான் ஊசியில் உயிரணு. மீதிப் பாதிக்கு வெறும் திரவம், உள்ளே ஒன்றும் இருக்காது. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். லேபில் ஒரே ஒருவருக்குத் தெரியும். தியேட்டருக்கு வருகிற ஊசியின் மேல் ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும், போடுகிற பெரிய டாக்டருக்கே உள்ளே என்ன என்று தெரியாது. “டம்மி நம்பர்” என்றேன் நான். அவளுக்குப் புரியவில்லை. பரீட்சைத் தாளில் பிள்ளையின் பெயரும் பதிவெண்ணும் இருக்கிற மேல்துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, வேறு ஒரு எண்ணைப் போட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார்கள், யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது, அப்படித்தான் நியாயம் நடக்கும் என்று விளக்கினேன். “அதேதான்மா, அதேதான்!” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், வகுப்பில் நல்ல மாணவி கிடைத்துவிட்ட மாதிரி. பக்கத்தில் அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சாப் போதும்” என்றார். நஸ்ரின் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

அவர் பெயர் சீனிராஜ். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு, ரிட்டயராகும் வரைக்கும் சங்கத்தில் கிளைச் செயலாளர். ‘நமக்கு ஆள் இருக்கு’ என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்த வாக்கியம், என் பெயரைவிட. தூத்துக்குடியில் ஹாஸ்டல் சீட் வேண்டுமா, ஆள் இருக்கு. மாற்றல் வேண்டுமா, ஆள் இருக்கு. எங்கள் தெருமுனைக்கு பஸ் நிறுத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான், யாரைப் பிடித்தார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. காசு வாங்க மாட்டார், ஒரு டீகூட வாங்க மாட்டார். அவருக்கு அதிலே ஒரு குஷி. உலகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் முன்வாசல் சும்மா பேருக்கு, பக்கவாசல்தான் உண்மையான வாசல் என்று நம்புகிற மனிதர். நானோ முன்வாசலில் வரிசையில் நிற்பவள். வெம்பக்கோட்டைக்கு என்னைப் போட்டபோது அவர் யாரையோ பிடித்து உத்தரவை மாற்றப் பார்த்தார், நான் அதற்குள் போய்ப் பணியில் சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை, மறுநாள் காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் துண்டைப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார், கண்டக்டர் நம்ம ஆள் என்று. திருத்தும் முகாம் நடக்கிற ஊரைக் கண்டுபிடித்து பிள்ளைக்கு மார்க் கேட்டு எதிர் டீக்கடையில் வந்து காத்திருக்கிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் அவர்களுக்கு டீ சொல்லுவார். “பெத்தவங்க மனசு டீச்சர்” என்பார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஆளைக் காணோம். இடுப்பில் குத்தி முடித்து என்னை இங்கே கொண்டுவந்து போட்டதும், “டீ குடிச்சிட்டு வந்துர்றேன்” என்று போனவர். டீ குடிக்கப் போகிறவர் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு போவாரா? உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று பிரிசில்லா தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோது என் கை ஒரு நிமிஷம் தயங்கியது, எதற்கென்று எனக்கே தெரியவில்லை, நான் அதெல்லாம் பெரிதாகப் பார்க்கிறவள் இல்லை. அவர்தான் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “எங்கிட்டதான இருக்கு, கழுத்துல இருந்தா என்ன, பையில இருந்தா என்ன” என்றார். இந்நேரம் என் தாலி எந்த மந்திரி வீட்டு வாசலில் நிற்கிறதோ.

சிரிப்பு வருகிறது, சிரித்தால் இடுப்பில் பிடிக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், பயம் தெரியாமல் இருக்க. நாக்கு தடித்துவிட்டது, பயம் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் பச்சைத் துணிகள் கொடியில் காய்கின்றன, நான் போட்டிருப்பதைப் போலவே, கை இல்லாமல் தலை இல்லாமல் வரிசையாக. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. அவற்றில் பாதிக்கு உயிரணு, பாதிக்கு வெறும் திரவம். இது முதலாவது, இதற்கு உண்டு, அடுத்ததற்கு இல்லை, உண்டு, இல்லை, சே, நான் என்ன பூவிதழ் பிய்க்கிற வயதிலா இருக்கிறேன். பாதிக்குப் பாதி என்பது நல்ல வாய்ப்புதான். நாணயம் சுண்டிப் போடுகிற கணக்கு. கணக்கு டீச்சர் வராத நாளில் நானே நடத்தியிருக்கிறேன். நாணயத்துக்கு முந்தின தடவை விழுந்தது ஞாபகம் இருக்காது பிள்ளைகளா. இவர் பாட்டுக்கு எங்காவது போய் எதையாவது பேசித் தொலைத்தால்? யாருக்கு எது என்பது வெளியே தெரிந்துவிட்டால் அந்த ஆளின் கணக்கு ஆய்வில் சேராது என்று நஸ்ரின் அன்றைக்கே சொன்னாளே. என் பெயரை அடித்துவிட்டால் பைபாஸோடு முடிந்தது, பின்சுவருக்குப் பாதி வாய்ப்பும் கிடையாது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று இருக்கிறதையும் கெடுத்துவிடுவார். அது பாட்டுக்குத் தூங்குகிறது, அதற்குத் தெரியுமா தன் பெயரில் வெளியே என்ன நடக்கிறது என்று. மானிட்டரில் பச்சைக்கோடு எழுந்து விழுந்து எழுந்து போகிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றால் பிள்ளைகள் பேனாவை வேகமாக ஓட்டுவார்களே, அந்த மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், பக்கத்தில் போக மனமில்லை. திருத்த வரும் தாள்களில் கடைசிப் பக்கத்தில் சில பிள்ளைகள் எழுதியிருக்கும். ‘அன்புள்ள அய்யா அல்லது அம்மா, எனக்கு அம்மை போட்டிருந்தது, படிக்க முடியவில்லை, பார்த்துப் போடுங்கள்.’ ஒரு பெண் மூன்று சாமி பெயரை எழுதி, மூன்றில் எது திருத்துகிறவருக்குப் பிடித்த சாமியோ அதன் பேரால் என்று எழுதியிருந்தாள், கெட்டிக்காரி. நான் அந்த வரிகளின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு விடைகளை மட்டும் எண்ணுவேன். கோபமெல்லாம் இல்லை. கோடு போடவில்லையென்றால் மேற்பார்வைக்கு வருகிறவர் ஏன் போடவில்லை என்று கேட்பார். இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன், என் இடுப்பிலிருந்து எடுத்ததை அடைத்தார்களே அந்தக் குப்பி, அதன் அடியில் ஒட்டுகிற துண்டில் எனக்கு எழுத ஒரு வரி இடம் கொடுத்தால் என்ன எழுதுவேன்? பார்த்துப் போடுங்கள். வேறென்ன. எனக்கு உயிரணுதான் வேண்டும். வெறும் திரவம் வேண்டாம். எனக்கே வேண்டும், இன்னொருத்தருக்கு இல்லாமல் போனாலும் பரவாயில்லை. அவர் போய்ப் பேசட்டும், யாரையாவது பிடிக்கட்டும், பக்கவாசல் எங்கேயாவது இருக்கட்டும் கடவுளே. காலையிலிருந்து அவர் எதையும் கெடுத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், அதற்கடியில் அவர் சாதித்துவிட மாட்டாரா என்று ஆசைப்பட்டுக்கொண்டு கிடக்கிறேன். டீக்கடையில் நின்ற அந்த அப்பாக்கள் ஒவ்வொருத்தர் முகமும் வருகிறது. எல்லாரும் வேட்டியை நன்றாகத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். பயமாயிருக்கிறது எனக்கு. இவ்வளவுதான் விஷயம்.

“அம்மா, முழிச்சிருக்கீங்களா?” நஸ்ரின். தலையில் தொப்பி, கழுத்தில் முகக்கவசம் தொங்குகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அதிலே உட்கார்ந்திருந்த என் பயம் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றது. “பெரிய டாக்டருக்கு ஒரு போன் வந்துச்சும்மா. மந்திரி ஆபீஸ்லருந்துன்னாங்க. உங்க பேரச் சொல்லி, உங்களுக்கு ஒரிஜினல் ஊசியே போடச் சொன்னாங்களாம்.” ஒரிஜினல் ஊசி! அது சத்தியமாக அவர் வார்த்தைதான். எனக்கு முகம் சுட்டது. “டாக்டர் சிரிச்சிட்டாரு. ‘எனக்கே தெரியாததை நான் எப்படிங்க மாத்தறது’ன்னு வச்சிட்டாரு. அப்பறம் உங்க சார் மூணாவது மாடிக்குப் போயிட்டாரு. லேப் வாசல்லயே நின்னுருக்காரு. உள்ள இருக்கறவர் வெளிய வந்து, கவலைப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டு எனக்குப் போன் பண்ணாரு.” “எம் பேரை அடிச்சிட்டீங்களா?” என்றேன். நாக்கு எனக்கு முன்னால் ஓடாமல் பின்னால் இழுத்தது. “அய்யய்யோ, இல்லம்மா. யாரும் யாருக்கும் எதையும் சொல்லல. சீட்டு நேத்தே விழுந்தாச்சு. இனி யார் வந்து கேட்டாலும் அது மாறாது. நீங்க நிம்மதியா இருங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.” எழுந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எனக்கு எதும்மா விழுந்துச்சு?” கேட்டுவிட்டேன், டீக்கடையில் நிற்கிற குரலில். அவள் திரும்பி வந்து என் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்தாள். “எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். ஆனா நெசமாவே தெரியாது.” நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் யாராவது இப்படி ஒரு இடத்தில் இப்படி ஒரு பதில் சொல்லிக்கொண்டு இருந்தால் நன்றாக இருக்கும். அவள் போன பிறகு நெடுநேரம், அல்லது கொஞ்ச நேரம், மாத்திரைக்குள் நேரம் சரியாகத் தெரியவில்லை, சும்மா கிடந்தேன். நேற்றே விழுந்தாச்சு. நேற்று நான் இட்லி பிடிக்கவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது எங்கோ விழுந்துவிட்டது. அதற்கு என்னைத் தெரியாது, சாத்தூர் தெரியாது. எண்தான் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் தலை சொல்கிறது. நெஞ்சு கொஞ்சம் தாமதமாக வருகிறது, வரட்டும்.

வந்துவிட்டார். செருப்புச் சத்தத்திலேயே தெரியும். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது, ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார், காலர் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. இந்தக் கோலத்தில்தான் அத்தனை மாடி ஏறி இறங்கியிருக்கிறார். “டீச்சர்” என்றார் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் பிரிசில்லாவுக்கும் கேட்கும்படி. “எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒனக்கு உயிரணுதான். ஒரிஜினல். நீ ஒண்ணும் நெனைக்காத.” நான் அவரைப் பார்த்தேன். உண்மையில் வேலை முடிந்த நாட்களில் அவர் எதுவும் சொல்ல மாட்டார், பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், நாமாகக் கேட்டால் ‘ஆகும் ஆகும்’ என்பார். முடியாமல் போன நாளில்தான் இப்படி வந்து நின்று சத்தமாக முடிந்தது என்பார். அதை நான் ஒவ்வொரு தடவையும் பிடித்திருக்கிறேன். பிடித்துச் சொல்லிக்காட்டி, அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறேன். இப்போதும் தொண்டைவரைக்கும் வந்தது. நேற்றே விழுந்தாச்சு, எனக்குத் தெரியும், உங்களை லேப் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார்கள். அவருடைய கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. கம்பி நடுங்கியது, அதனால் கட்டில் நடுங்கியது, அதனால் நானும் லேசாக நடுங்கினேன். மகன் புனேயிலிருந்து சாயங்காலம்தான் வருவான். அதுவரைக்கும் இந்த மனிதர் வெளியே அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறார். எனக்கு மயக்க மருந்து உண்டு. அவருக்கு?

“யாரப் பிடிச்சீங்க?” என்றேன். அவர் திடுக்கிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத கேள்வி. கொஞ்ச நேரம் என் முகத்தில் கேலியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு ஆரம்பித்தார். “நம்ம சங்கத்துல பாண்டியராசு இருந்தாப்லல்ல, அவர் மச்சினன் மந்திரிக்கு பி.ஏ. ஒரு போன்தான். பெரிய டாக்டர் உடனே சரின்னுட்டாரு. அப்பறம் லேபுக்கு நேராப் போனேன். அங்க ஒரு தம்பி, தங்கமான தம்பி, எங் கையப் பிடிச்சிக்கிட்டு ‘கவலைப்படாதீங்கய்யா’ன்னாப்ல. அதுக்கு மேல என்ன சொல்லணும்? சொல்ல முடியுமா வெளிப்படையா? கண்ணுலயே சொல்லிட்டாப்ல.” வரிக்கு வரி சிவப்பு மையால் சுழிக்கலாம். “கண்ணுலயே சொல்லிட்டாரா?” “ஆமா.” “நல்லவேளை நீங்க இருந்தீக. எனக்கு இதெல்லாம் எங்க வருது.” பிரிசில்லாவும் இன்னொருவரும் வந்து கட்டிலின் சக்கரத்துப் பூட்டை விடுவித்தார்கள், மேல்தளத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம், என் மஜ்ஜை தயாராகிவிட்டதாம், அல்லது தயாரானதாக எல்லாருக்கும் சொல்வதைப் போல எனக்கும் சொல்கிறார்களோ என்னவோ. கூரை நகர ஆரம்பித்தது. அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார். சிவப்புக்கோடு போட்ட இடத்தில், அதற்குமேல் சொந்தக்காரர்கள் வரக்கூடாது, பிரிசில்லா நிறுத்தினாள். “நம்புறேல்ல டீச்சர்?” என்றார். மெதுவாக, இப்போது எனக்கு மட்டும் கேட்கும்படி.

“நம்புறேங்க” என்றேன்.

உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு சொல். வெறும் திரவம். ஆனால் என் கண் முன்னாலேயே அவருக்கு முகத்தில் ரத்தம் வந்தது, தோள் இறங்கியது, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. இது அறிவியல் இல்லை, இதை ஒரு பிள்ளை விடையாக எழுதினால் மதிப்பெண் தர மாட்டேன். அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பிரிசில்லாவிடம் கேன்டீனில் இந்நேரம் சாப்பாடு இருக்குமா என்று கேட்டார். இருக்கும் சார் என்றாள். கதவு திறந்தது, குளிர் காலிலிருந்து ஏறியது. மேசை மேல் தட்டில் ஊசிகளை மூடி வைத்திருந்தார்கள், என்னுடைய எண் ஒட்டியது அதில் எங்கோ இருக்கும். தலையைத் திருப்பினால் அந்த எண்ணாவது தெரிந்திருக்கும். நான் திருப்பவில்லை, அவர் சாப்பிட என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.